எளிமை வேறு, மலிவு வேறு

(‘இன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு நிறைவு தருவது சிறிய காரே! பெரிய காரே!’ என்னும் பட்டிமன்றத்தில், ‘சிறிய காரே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் எஸ்.யூ.வி. வண்டி மாதிரியே அகலமாக அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப உருக்கமாகப் பேசினார். “பெரிய கார்ல போய் இறங்கினா கல்யாண மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொண்ணு ரெண்டு தடவை தெளிக்குது. சின்னக் கார்ல போனா, ‘சமையல்காரங்க பின்வாசல் வழியா வாங்க’ங்கறாங்க” என்று சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். ரெண்டு சொட்டுப் பன்னீருக்காக ஏழு வருஷம் தவணை கட்டுகிற மனுஷனை நினைத்தால் சிரிப்பா வருகிறது? (கைதட்டல்)

நடுவர் அவர்களே! எதிரணியின் வாதத்தைச் சாறாகப் பிழிந்தால் மூன்று சொட்டுத்தான். ஒன்று, பெரிய கார்தான் கௌரவம். இரண்டு, பெரிய கார்தான் பாதுகாப்பு. மூன்று, சிறிய காரின் காலம் முடிந்துவிட்டது, நானோ தோற்றுப் போனதே சாட்சி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. தமிழ் வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்தால் வரலாறு கேட்காமல் தப்ப முடியாது.

இங்கே இருக்கிற தம்பி தங்கைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும். 1983-க்கு முன்னால் நம் நாட்டில் கார் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தா பக்கத்தில் செய்த அம்பாசிடர். பம்பாயில் செய்த பிரீமியர் பத்மினி. நம்முடைய வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. எல்லாமே ஐரோப்பாவில் 1950-களில் பிறந்த வடிவங்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு இங்கே வந்து அம்பாசிடர் ஆச்சு. பியட் 1100 இங்கே வந்து பத்மினி ஆச்சு. பணம் கையில் இருந்தாலும் வண்டி கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்குப் பதிவு பண்ணினால், அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது வண்டி வரும்! (சிரிப்பு)

அந்தக் காலத்தில் கார் யாரிடம் இருந்தது? கலெக்டரிடம் இருந்தது. பெரிய டாக்டரிடம் இருந்தது. மில் முதலாளியிடம் இருந்தது. கார் வைத்திருப்பவர் ஓட்ட மாட்டார், ஓட்டுகிறவர் கார் வைத்திருக்க மாட்டார். மாதச் சம்பளக்காரன் காரைப் பார்க்கலாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

1983 டிசம்பர் 14. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அவர்கள் முதல் மாருதி 800 காரின் சாவியை ஒருவர் கையில் கொடுக்கிறார். யார் அவர்? ஜமீன்தாரா? தொழிலதிபரா? இல்லை ஐயா! விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சம்பளக்காரர். குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. காரின் விலை சுமார் 50,000 ரூபாய். எஞ்சின் வெறும் 796 சி.சி. மூன்றே சிலிண்டர். எடை சுமார் 650 கிலோ. மெக்கானிக் பட்டறைகளில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். “என்னப்பா இது, சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்டி விட்டுட்டாங்க!” என்றார்கள்.

அந்தச் சோப்பு டப்பா என்ன செய்தது தெரியுமா? 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளியே வரும் வரை, முப்பது வருஷத்தில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது! (கைதட்டல்) அதே 2014-இல், மே மாதத்தில், அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. ஐயாவும் விடைபெற்றார், தம்பியும் விடைபெற்றார். ஆனால் ஐயா காலத்தில் கார் ஓர் அந்தஸ்து. தம்பி காலத்தில்தான் கார் ஒரு வசதி ஆயிற்று. அந்தஸ்து சிலருக்கு, வசதி பலருக்கு.

இன்னொன்றையும் இங்கே இருக்கிற தாய்மார்கள் ஒப்புக்கொள்வார்கள். அம்பாசிடரின் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் பலம் வேண்டும். ஊற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி வளைத்து வளைத்துத் திருப்ப வேண்டும். மாருதி வந்தது, கை லேசானது. எங்கள் கல்லூரியில் முதன்முதலில் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓர் ஆண் பேராசிரியர் இல்லை, தாவரவியல் துறைப் பேராசிரியை. வாசலில் நின்ற காவலாளி, “டிரைவர் எங்கேம்மா?” என்று கேட்டார். அந்த அம்மா, “டிரைவர்தான் பேசுறேன், கேட்டைத் திறங்க” என்றார்! (பலத்த கைதட்டல்) நடுவர் அவர்களே, அந்தக் கேட்டைத் திறந்தது பெரிய கார் இல்லை. சின்னக் கார்!

சரி, இப்போது முதல் வாதத்துக்கு வருகிறேன். கௌரவம்!

சின்னக் கார் ஏழை நாட்டுக்காரன் வைத்திருப்பது என்று எதிரணி சொல்லாமல் சொன்னார்கள். உலகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1908-இல் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ என்று ஒரு வண்டி கொண்டு வந்தார். எளிமையான வண்டி. விலை 850 டாலர். மற்றவர்கள் வருஷா வருஷம் விலையை ஏற்றினார்கள். ஃபோர்டு உற்பத்தியைப் பெருக்கி வருஷா வருஷம் இறக்கினார். 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே கொண்டு வந்தார். ஒன்றரைக் கோடி வண்டி ஓடியது. அமெரிக்கா காரில் ஏறியது பெரிய காரால் இல்லை.

பிரான்ஸ் நாட்டில் சித்ரோயன் நிறுவனம் கிராமத்து விவசாயிக்கு ஒரு கார் செய்யத் திட்டமிட்டது. பொறியாளர்களுக்குக் கொடுத்த கட்டளையைக் கேளுங்கள். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கிற முட்டை உடையக் கூடாது! ஆளும் ஏற வேண்டும், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், எண்ணெயும் குறைவாகக் குடிக்க வேண்டும். 1948-இல் அந்த வண்டியைப் பாரிசில் காட்டினார்கள். தகரக் கொட்டகை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார்கள். அது 1990 வரை உற்பத்தியில் இருந்தது. சிரித்தவர்கள் எங்கே போனார்களோ தெரியாது, முட்டை உடையவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

இங்கிலாந்தில் 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. அப்போது அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் ஒரு யோசனை செய்தார். எஞ்சினைப் படுக்கைவாட்டில் குறுக்கே திருப்பி வைத்தார். முன்சக்கரத்தையே எஞ்சின் இழுக்கும்படி செய்தார். அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு தேவையில்லை, நடுவில் மேடு இல்லை, தரை சமமாச்சு. பத்தடி நீள வண்டிக்குள் நாலு பேர் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அதுதான் 1959-இல் வந்த ‘மினி’. வெளியே சிறுசு, உள்ளே பெருசு! நம் மாருதி 800-லும் இதே சூத்திரம்தான். பல்பொடி விளம்பரம் மாதிரி வெளித்தோற்றம் பார்க்காதீர்கள், உள்ளே எத்தனை பேர் நிம்மதியாக உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்பீர்கள். இன்றைய ஜப்பானைப் பாருங்கள். பணக்கார நாடா இல்லையா? அங்கே ‘கேய்’ கார் என்று சட்டத்திலேயே ஒரு வகை இருக்கிறது. நீளம் 3.4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எஞ்சின் 660 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. அங்கே விற்கிற புதுக் கார்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்தக் குட்டிக் கார்கள்தான்! ஜப்பான்காரனுக்குப் பணம் இல்லையா, கௌரவம் இல்லையா? தெரு சிறிது, தேவை சிறிது, அதனால் கார் சிறிது. அவனுக்கு அறிவு பெரிது! (கைதட்டல்)

நான் மதுரைக்காரன். மாசி வீதிகளில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய காரை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பூக்கடை, ஒரு பக்கம் கரும்புச்சாறு வண்டி, நடுவில் ஒரு மாடு. அந்த மாட்டுக்கு உங்கள் கௌரவம் தெரியாது! (சிரிப்பு) சின்னக் கார் வளைந்து போய்விடும். பெரிய கார் வளைந்து கொடுக்காது. காருக்கும் குடும்பத்துக்கும் ஒரே விதிதான், வளைந்து கொடுக்கிறது நிலைத்திருக்கும்.

பாரி வள்ளல் முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான். எதிரணி நண்பர் அதையும் இழுத்தார், தமிழன் எப்போதும் பெரிதாகவே நினைப்பான் என்று. ஐயா, பாரி கொடுத்தது அவன் சொந்தத் தேர். தவணை பாக்கியுள்ள தேரைக் கொடுத்திருந்தால் மறுநாள் பறம்பு மலைக்கே வங்கிக்காரர் வந்திருப்பார்! (பலத்த சிரிப்பு)

அடுத்து, எதிரணியின் துருப்புச்சீட்டு. நானோ. “ஒரு லட்ச ரூபாய்க்குக் கார் கொடுத்தும் ஜனங்கள் வாங்கலையே, ஏன்?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அந்தக் கார் எப்படிப் பிறந்தது? மழையில் ஒரு ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே நனைந்துகொண்டு போவதைப் பார்த்தார் ரத்தன் டாட்டா. இவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு வண்டி கொடுக்க முடியாதா என்று நினைத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் காட்சி புதிது? எங்கள் அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. முன்னால் தங்கை நிற்பாள். நடுவில் அப்பா. பின்னால் நான். எனக்கும் பின்னால், பாதி சீட்டில், பக்கவாட்டில் அம்மா, மடியில் பை. மழை வந்தால் அம்மா முந்தானையை என் தலையில் போடுவார். அம்மா தலையில் போட இன்னொரு முந்தானை கிடையாது. இந்த அரங்கத்தில் பாதிப் பேர் அந்த ஸ்கூட்டரில் வளர்ந்தவர்கள்தான். இல்லையா? (கைதட்டல்)

2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் நானோவைக் காட்டினார்கள். 624 சி.சி., இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னால். கண்ணாடி துடைக்க ஒரே ஒரு துடைப்பான். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. ஒவ்வொரு கிராமையும் ஒவ்வொரு ரூபாயையும் செதுக்கினார்கள். 2009-இல் முன்பதிவு திறந்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். கவனியுங்கள் நடுவர் அவர்களே! வண்டியை ஓட்டிப் பார்க்காமலே 2 லட்சம் பேர். தேவை இருந்தது. ஏக்கம் இருந்தது.

பிறகு என்ன ஆச்சு? மேற்கு வங்கத்துச் சிங்கூரில் கட்டிய தொழிற்சாலை, நிலப் பிரச்சினைப் போராட்டத்தால் குஜராத்தின் சானந்துக்கு இடம் மாறியது. காலம் போச்சு. சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி வந்தது. நம்பிக்கை போச்சு. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் செய்யக் கட்டிய தொழிற்சாலை, விற்பனை உச்சத்தில் இருந்த 2011-12-இல்கூட எழுபத்தைந்தாயிரத்தைத் தொடவில்லை. 2018-இல் உற்பத்தி ஓய்ந்தது.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று. ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர் அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் ஒட்டியதுதான் தவறு என்று பிற்காலத்தில் ரத்தன் டாட்டாவே சொன்னார். தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். ஜவுளிக்கடையில், “அம்மா, உலகத்திலேயே மலிவான புடவை வந்திருக்கு” என்று எடுத்துப் போட்டால் கட்டிக்கொள்வீர்களா? மாட்டீர்கள். “எளிமையா, நல்லா உழைக்கிற புடவை” என்றால் எடுத்துப் பார்ப்பீர்கள். சுங்குடிப் புடவை எளிமை. கிழிந்த புடவை ஏழ்மை. ஒரே தண்ணியில் சாயம் போகிற புடவை மலிவு. மூன்றும் ஒன்றில்லை ஐயா! (பலத்த கைதட்டல்)

ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறுகிறவன் வாழ்க்கையில் ஒரு படி ஏறுகிறான். தெருவே பார்க்க, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் வைத்து, குலதெய்வம் கோயிலுக்குப் போகிறான். அந்த நேரத்தில் அவன் காதில் போய், “நீ ஏறினது மலிவான படி” என்று சொன்னால்? அவன் ஏறியதற்கே வருத்தப்படுவான்.

இதற்குச் சாட்சி சொல்கிறேன். நானோ திணறிய அதே 2010-11-இல், ஆல்டோ என்ற இன்னொரு சின்னக் கார் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது! அதுவும் சிறியது, அதுவும் சிக்கனம், நானோவைவிட விலை அதிகம். ஆனால் அதை யாரும் மலிவு என்று சொல்லி விற்கவில்லை. ஆகவே நானோவில் தோற்றது சிறிய கார் இல்லை. மலிவு என்கிற பெயர் தோற்றது. எளிமை தோற்கவில்லை! (கைதட்டல்)

இரண்டாவது வாதம், பாதுகாப்பு. இதில் நான் விளையாட மாட்டேன். உயிர் விஷயம்.

2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். நானோவும் ஆல்டோவும் அதில் உண்டு. அவற்றின் கூடே தாங்கவில்லை என்றார்கள். இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதே பட்டியலில் இருந்த ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு இரண்டு ஏர்பேக் மாட்டி மறுபடி மோதினார்கள். பூஜ்யம் நாலு நட்சத்திரம் ஆச்சு! வண்டி ஓர் அங்குலம்கூட வளரவில்லை. குறை அளவில் இல்லை, அக்கறையில்.

அதற்குப் பிறகு சட்டம் வந்தது. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். 2019-இல் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். 2025-இல் ஆல்டோ கே10 காருக்கே ஆறு ஏர்பேக் கொடுத்தார்கள். ஆறு ஏர்பேக் கொடுத்தாலும் பின்சீட்டில் பெல்ட் போடாத அண்ணன்மார்களை அந்தக் கார் காப்பாற்ற முடியாது, அது வேறு விஷயம்! எத்தனை ஏர்பேக் என்று ஷோரூமில் கேட்கிறோம், பெல்ட்டை மட்டும் பின்னால் மடித்துச் சொருகி வைக்கிறோம்.

இன்னொரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் சின்னக் காரைப் பெரிய காரோடு ஒப்பிடுகிறீர்கள். ஏன் ஸ்கூட்டரோடு ஒப்பிடவில்லை? 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரம் பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடுத்தரக் குடும்பத்தின் முன்னால் இருக்கிற கேள்வி, பத்து லட்ச ரூபாய்க் காரா, இருபது லட்ச ரூபாய்க் காரா என்பதில்லை ஐயா. மழையில் அந்த நாலு பேருக்கு மேலே ஒரு கூரை உண்டா, சுற்றி நாலு கதவு உண்டா என்பதுதான். அந்தக் கூரையைக் கொடுக்கக் கூடியது சின்னக் கார் ஒன்றுதான்! (நீண்ட கைதட்டல்)

இப்போது கணக்கு. தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு வராது என்பார்கள். என் மனைவி போட்டுக் கொடுத்த கணக்கு, தப்பாது. (சிரிப்பு)

சின்னக் காருக்கு நாலு லட்சம் கடன், பெரிய காருக்குப் பத்து லட்சம் கடன் என்று வையுங்கள். இரண்டுக்கும் 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம். சின்னக் காருக்கு மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். பெரிய காருக்கு சுமார் 20,750. வித்தியாசம் மாதம் 12,450. அடுத்து பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 5,000 ரூபாய். பன்னிரண்டரை கொடுக்கிற வண்டிக்கு 8,000. அதில் மாதம் 3,000. ஐந்து வருஷம் கழித்துக் கூட்டிப் பாருங்கள், ஒன்பது லட்சத்துக்கு மேல்! ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு ஐயா அது! காரின் புகைக்குழாய் வழியாகப் போனது பெட்ரோல் புகை மட்டும் இல்லை.

ஏன் பெரிய வண்டி அதிகம் குடிக்கிறது? ரகசியம் ஒன்றும் இல்லை. எடை! சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் எஞ்சின் அந்த எடையைத் தள்ளியாக வேண்டும். உள்ளே ஒருத்தர்தான் உட்கார்ந்திருப்பார், கூட ஆறு காலி சீட்டும் ஆபீசுக்குப் போய் வருகிறது! (சிரிப்பு) ஏழு பேர் ஒன்றாய் வாழ்கிற கூட்டுக் குடும்பமா, தாராளமாகப் பெரிய கார் வாங்குங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூர் போவதற்காக வருஷம் முழுக்க ஆறு காலி சீட்டைச் சுமக்கலாமா? அந்த ஒரு நாளைக்கு வாடகை வண்டி எடுத்தால் போதாதா?

வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஒரு பொருள் எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி, மயிலிறகாகவே இருந்தாலும் சரி, அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று அதில் சொல்கிறார். அதே அதிகாரத்தில், வருகிற வழி சிறிதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, போகிற வழி அகலாமல் பார்த்துக்கொள் என்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதருக்கு இ.எம்.ஐ. தெரிந்திருக்கிறது! செல்போன் தவணை ஒரு மயிலிறகு, சோபா தவணை ஒரு மயிலிறகு, அதன் மேல் பெரிய கார் தவணை. குடும்பத்தின் அச்சு என்னாகும்? (கைதட்டல்)

கடைசி வாதம். சிறிய காரின் காலம் முடிந்துவிட்டது, சந்தையில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி.தான் என்றார்கள். உண்மை. 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாட்டா பஞ்ச், அது எஸ்.யூ.வி. என்றார்கள். அதுவும் உண்மை. ஆனால் ஒரு டேப்பை எடுத்து அளந்தீர்களா? அதன் நீளம் 3.8 மீட்டர்! எஞ்சின் 1,200 சி.சி.க்குள்! அரசாங்கச் சட்டப்படி நாலு மீட்டருக்குள்ளும் 1,200 சி.சி.க்குள்ளும் இருக்கிற பெட்ரோல் கார் சிறிய கார். ஆக, நீங்கள் பெரிய கார் என்று தோளில் தூக்கி வந்தது, குதிகால் செருப்பு போட்டுக்கொண்ட சின்னக் கார் ஐயா! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

ஆனால் ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். 5 லட்சத்துக்குக் கீழே உள்ள கார்கள் 2015-16-இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் விற்றன. 2024-25-இல் அது முப்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ஆசை குறைந்ததாலா? விலை ஏறியதால். புகைக் கட்டுப்பாடு, ஏர்பேக், பிரேக், எல்லாம் அவசியமானவை. ஆனால் ஓர் ஏர்பேக்கின் செலவு நாலு லட்ச ரூபாய்க் காருக்கும் இருபது லட்ச ரூபாய்க் காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இருபது லட்சத்தில் அது தெரியாது. நாலு லட்சத்தில் அது இடிக்கும். அரிசி விலை ஏறினால் பணக்காரன் வீட்டு உலை கொதிப்பது நிற்காது, அது மாதிரி.

நல்ல வேளையாக 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய காருக்கு 40 என்று வைத்தார்கள். அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது, நாடு ஏற வேண்டிய படி எது என்று.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, நம் நாட்டில் நூறு வீட்டில் எட்டு வீட்டில்கூடக் கார் இல்லை. இருசக்கர வாகனம் ஏறக்குறைய ஐம்பது வீட்டில் இருக்கிறது. நடுவர் அவர்களே! அந்த எட்டு வீட்டுக்காரர்களுக்குள் யார் கார் பெரியது என்று நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். மீதி நாற்பது வீட்டுக்காரர்கள் மழையில் நிற்கிறார்கள். அவர்களுக்காகப் பேச ஓர் அணி வேண்டாமா? அதுதான் என் அணி! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்கிறது. நடுவருக்கும் நேரச் சிக்கனம் தெரிந்திருக்கிறது, மகிழ்ச்சி.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். கார் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலையில் குறையுங்கள், மரியாதையில் குறைக்காதீர்கள். அலங்காரத்தைக் குறையுங்கள், பாதுகாப்பைக் குறைக்காதீர்கள். கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து வீட்டு வாசலை அளந்து கார் வாங்காதீர்கள், உங்கள் வீட்டு வருமானத்தை அளந்து வாங்குங்கள். எளிமையாய்ச் செய்த, எரிபொருள் குறைத்த, நாலு பேரைப் பத்திரமாய் வீடு சேர்க்கிற சிறிய காரே நடுத்தரக் குடும்பத்துக்கு நிறைவு தரும் என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.